பழைய பிக்கப் வண்டியில் பின் ஆக்சில் ஆயில் சீல் கசிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்பேட்டிலிருந்து காய்கறி ஏற்றும் வண்டியானாலும், காசிமேட்டிலிருந்து மீன் பெட்டி ஏற்றும் வண்டியானாலும், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரும்புச் சாமான் சுமக்கும் வண்டியானாலும், பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய பிக்கப் என்றால் அதன் உரிமையாளர் ஒருநாள் வந்து, பின் சக்கரத்தில் ஆயில் வருகிறது என்று சொல்லத்தான் செய்வார். சென்னை பாடியில் ஒரு சிறிய பட்டறையில் இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

பின் சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாக இருக்கிறது. அது ஆக்சில் ஆயில்தான் என்று எப்படி உறுதி செய்வது?

விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். ஆக்சிலுக்குள் ஊற்றும் கியர் ஆயில் கெட்டியாக இருக்கும். அதில் கந்தக வாடை அடிக்கும். ஆக்சிலின் நடுவிலுள்ள கிரௌன், பினியன் என்னும் பல்சக்கரங்கள் அழுத்தத்தோடு உரசும்போது பற்கள் தேயாமலிருக்க அந்த ஆயிலில் சேர்க்கப்படும் கந்தகச் சேர்மங்களின் வாடை அது. ஒருமுறை முகர்ந்தவருக்கு மறக்காது. பிரேக் ஆயில் அப்படியல்ல. அது நீர்த்து, வழவழப்பாக இருக்கும். தண்ணீர் ஊற்றினால் கரைந்துபோகும். பட்ட இடத்தில் பெயின்ட் உரியும். உங்கள் விரலில் இருப்பது பிரேக் ஆயில் என்றால் பழுது பிரேக்கை இயக்கும் வீல் சிலிண்டரில் இருக்கிறது, சீலில் அல்ல.

அடுத்து, கசிவு எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். டிரம்முக்குப் பின்னாலுள்ள தகட்டின் அடிவிளிம்பிலிருந்து வழிந்து, டயரின் உட்சுவரில் கோடு கோடாகத் தெறித்திருந்தால் அது ஆக்சில் சீல். சக்கரத்தின் வெளிப்பக்கம், நடுவில் வட்டமாக உள்ள போல்ட்டுகளைச் சுற்றி ஈரம் இருந்தால் அங்கேயுள்ள பேப்பர் பேக்கிங் போயிருக்கிறது. அது அரை மணி நேர வேலை. ஆக்சிலின் இரும்புக் கூடான ஹவுசிங்கின் நடுவே, கியர் பாக்ஸிலிருந்து வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சேரும் இடத்தில் சொட்டினால் அது பினியன் சீல், முற்றிலும் வேறு வேலை.

கசிவோடு எத்தனை நாள் ஓட்டலாம்?

பட்டறைக்கு வந்து சேரும் தூரம் மட்டும் ஓட்டலாம், அதுவும் சுமையில்லாமல், மெதுவாக. சீலைத் தாண்டி வரும் ஆயில் முதலில் போய்ச் சேரும் இடம் பிரேக் டிரம்தான். ஆயில் பட்ட லைனிங் (டிரம்மை உரசி நிறுத்தும் பிரேக் ஷூவின் மேற்பட்டை) சில சமயம் வழுக்கும், சில சமயம் திடீரென்று பிடிக்கும். எப்போது எதைச் செய்யும் என்று சொல்ல முடியாது. மழை நாளில், பாரத்தோடு, கத்திப்பாரா மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடித்தால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்த்தால் போதும். ஆயில் மட்டம் குறைந்து கிரௌனும் பினியனும் ஊளையிடத் தொடங்குவது இதற்கு அடுத்தபடியாக வரும் செலவு.

வாடகைக்கு ஓடும் வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். ஒரு பக்கம் பிடிக்காத பிரேக்கோடு அங்கே போய் நிற்பதைவிட, அதற்கு முன்பே சரிசெய்துகொள்வது நல்லது.

புதிய சீல் போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை, மறுபடியும் கசிகிறது. சீல் மட்டமானதா?

இருக்கலாம். ஆனால் என் அனுபவத்தில் பெரும்பாலும் சீல் மீது தவறில்லை. சீல் என்பது உலோக வளையத்தில் ஒட்டிய ரப்பர் உதடும், அந்த உதட்டைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் மெல்லிய ஸ்பிரிங்கும் மட்டுமே. அது ஆயிலைத் துடைத்து உள்ளே நிறுத்துமே தவிர, அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. எனவே சீல் கசிந்தால், அதைக் கசிய வைத்தது எது என்று கேட்காமல் புதியதைப் போடுவது, கூரை ஒழுகும்போது கீழே பாத்திரம் வைப்பது போலத்தான்.

முதலில் பார்க்க வேண்டியது பிரீதர். ஹவுசிங்கின் மேல் பக்கத்தில் சுண்டுவிரல் நுனியளவில், மூடியோடு இருக்கும் சிறிய குழாய் அது; சில வண்டிகளில் ஒரு ரப்பர் குழாயோடு சேசிஸ் வரை மேலே போகும். வண்டி ஓடும்போது ஆக்சில் சூடேறி உள்ளே இருக்கும் காற்று விரியும். அந்தக் காற்று வெளியேறும் ஒரே வழி பிரீதர். அது அடைபட்டால், காற்று சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு, ஆயிலையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். ஒரு வண்டிக்கு நானே நான்கு மாதத்துக்குள் இரண்டு முறை ஒரே பக்கத்தில் சீல் மாற்றினேன். மூன்றாவது முறை வந்தபோதுதான் பிரீதரைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே குளவி களிமண்ணால் கூடு கட்டி, செங்கல் போல இறுகிக் கிடந்தது. ஊசியால் குத்தி மண்ணை எடுத்து, டீசலில் கழுவி, வாயால் ஊதிப் பார்த்து மாட்டினேன். அந்த வண்டி அதற்குப் பின் இந்தக் குறைக்காக வரவில்லை. முதல் இரண்டு முறை வாங்கிய கூலியை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது காரணம் பேரிங். பேரிங் தேய்ந்தால், சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் ஷாஃப்ட் மையத்தில் நிற்காமல் ஆடும். சீலின் உதடு ஒரு பக்கம் நசுங்கும், மறு பக்கம் இடைவெளி விடும். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்துப் பாருங்கள். பிறகு உங்களை நோக்கி இழுத்துத் தள்ளிப் பாருங்கள். கையில் தெளிவாக உணரும்படி ஆட்டம் இருந்தால், புதிய சீல் எத்தனை நல்லதாக இருந்தாலும் நிற்காது. மூன்றாவது, ஷாஃப்டில் சீல் உட்காரும் இடத்தில் விழுந்த தடம். நான்காவது, அளவுக்கு மீறி ஊற்றிய ஆயில். இந்த நான்கையும் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லையென்றால் மட்டும், ரப்பர் வயதாகி இறுகிவிட்டது என்ற முடிவுக்கு வரலாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் ஆக்சில் மூழ்க ஓடிய, நின்ற வண்டிகளை யோசித்துப் பாருங்கள். ஓடிச் சூடாக இருக்கும் ஹவுசிங் திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் வழியாகவும் சீல் உதட்டின் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அப்படிப்பட்ட வண்டியில் ஆயில் ஊற்றும் ஃபில்லர் போல்ட்டைத் திறந்து விரல் விட்டுப் பார்த்தால், ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருக்கும். அதை வடித்து, புதிய ஆயில் ஊற்றி, சிறிது தூரம் ஓட்டி, மறுபடியும் ஒருமுறை மாற்ற வேண்டும். தண்ணீரோடு விட்டுவைத்தால் பேரிங்கில் துரு பிடித்து, சில மாதங்கள் கழித்து அது சீல் கசிவாகத்தான் வெளியே தெரியும்.

மீன் ஏற்றும் வண்டிகளுக்கு வெள்ளமே தேவையில்லை. பெட்டியிலிருந்து வடியும் உப்பு நீர் தினமும் ஹவுசிங் மீதும் பிரேக் தகட்டின் மீதும் விழுந்துகொண்டிருக்கிறது. அத்தகைய வண்டிகளை வாரம் ஒருமுறையாவது அடிப்பக்கம் நல்ல தண்ணீரில் கழுவச் சொல்கிறேன்.

என் வண்டியில் எந்த வகை ஆக்சில் இருக்கிறது என்று கழற்றாமலே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். சக்கரத்தின் நடுவில் ஒரு உருளை வெளியே துருத்திக்கொண்டு, அதன் முகத்தில் வட்டமாக ஆறோ எட்டோ போல்ட்டுகள் இருந்தால் அது ஃபுல் ஃப்ளோட்டிங் வகை. வண்டியின் பாரத்தை அங்கே ஹப்பும் அதிலுள்ள இரண்டு டேப்பர் பேரிங்குகளும் தாங்குகின்றன. ஷாஃப்ட் சக்கரத்தைச் சுழற்ற மட்டுமே செய்கிறது. அந்த போல்ட்டுகளைக் கழற்றினால் சக்கரம் தரையில் இருக்கும்போதே ஷாஃப்டை உருவிவிடலாம், ஆனால் சீலுக்குப் போக ஹப்பை இறக்கத்தான் வேண்டும்.

அப்படி எதுவும் துருத்தவில்லையென்றால் அது செமி ஃப்ளோட்டிங். அதில் ஷாஃப்டே பாரத்தையும் தாங்குகிறது. பேரிங் ஷாஃப்டின் வெளிமுனையில் அழுத்தி ஏற்றப்பட்டு, பிரேக் தகட்டின் பின்னாலுள்ள நான்கு நட்டுகளால் பிடிக்கப்பட்டிருக்கும். இதற்குப் பிறகு நான் எழுதுவது பெரும்பாலும் இந்த வகையைப் பற்றியே.

இன்னொரு வகையும் உண்டு. ஃபோர்டின் 8.8 அங்குல ஆக்சில் போன்ற அமெரிக்க ஆக்சில்களில் ஷாஃப்டின் உள்முனையை ‘சி’ வடிவக் கிளிப் ஒன்று பிடித்திருக்கும். ஆக்சிலின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலின் மூடியைத் திறந்து அந்தக் கிளிப்பை எடுத்தால்தான் ஷாஃப்ட் வெளியே வரும். நம் ஊர்த் தெருக்களில் அதைக் காண்பது அரிது. ஆனால் காணொளிகளில் பெரும்பாலும் அதையே காட்டுவதால், மூடியை ஏன் திறக்கவில்லை என்று என்னிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

சீல் எங்கே வாங்குவது? எண் தெரியவில்லையே?

பழைய சீலைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அதன் முகத்தைத் துடைத்தால் மூன்று எண்கள் தெரியும். 40×62×8 என்று இருந்தால் ஷாஃப்ட் விட்டம் 40 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 62, தடிமன் 8 என்று பொருள். எண் அழிந்திருந்தால் கடைக்காரரே வெர்னியர் வைத்து அளந்து கொடுப்பார். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் பழைய மாடல்களுக்குக்கூடக் கிடைக்கும். புதுப்பேட்டையில் கழற்றிய ஹவுசிங்கும் ஷாஃப்டும் வாங்கலாம், அதில் தவறில்லை. கழற்றிய சீலை மட்டும் ஒருபோதும் வாங்க வேண்டாம். சில ஆக்சில்களில் ஆயிலைத் தடுக்க உள்ளே ஒன்று, பேரிங் கிரீஸையும் வெளித்தூசியையும் பிரிக்க வெளியே ஒன்று என இரண்டு சீல்கள் இருக்கும். கடைக்குப் போகுமுன் உங்கள் வண்டியில் எத்தனை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியைத் தூக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

டிரம்மைக் கழற்ற வேண்டியிருப்பதால் ஹேண்ட் பிரேக்கை விட்டே ஆக வேண்டும். கியரில் போட்டிருக்கிறோம், நகராது என்று பலர் நம்புகிறார்கள். ஒரு பின் சக்கரம் மேலே தூக்கியிருக்கும்போது கியர் வண்டியைப் பிடிக்காது. டிஃபரன்ஷியலின் வேலையே ஒரு சக்கரம் நிற்க மற்றது சுழல விடுவதுதான். ஆகவே முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே; வண்டி நிற்க வேண்டியது ஸ்டாண்டின் மீது. ஹாலோ பிளாக் கல்லை ஸ்டாண்டாக வைக்காதீர்கள், அது முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும்.

கசியும் பக்கத்தை மட்டும் தூக்கினால் ஆயில் மறு பக்கம் சாய்ந்துவிடும், ஷாஃப்டை உருவும்போது அதிகம் கொட்டாது. எப்படியும் ஆயிலை மாற்றப்போகிறீர்கள் என்றால், வடிக்கும் போல்ட்டைத் தொடுவதற்கு முன் ஊற்றும் போல்ட்டைத் திறந்து பாருங்கள். முழுவதும் வடித்தபின் ஊற்றும் போல்ட் திறக்க மறுத்தால் வண்டி அங்கேயே கிடக்கும்.

டிரம்மும் ஷாஃப்டும் அசையவே இல்லை. என்ன செய்வது?

டிரம் வரவில்லையென்றால் முதலில் ஷூ அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். தேய்ந்த டிரம்மின் உள்விளிம்பில் ஷூ மாட்டிக்கொண்டிருக்கும். பல டிரம்களின் முகத்தில் மரையோடு இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் போல்ட் போட்டு இரண்டையும் மாறி மாறி முறுக்கினால் டிரம் தானே வெளியே வரும். விளிம்பில் சுத்தியலால் அடித்தால் வார்ப்பிரும்பு உடையும்.

பின்னாலுள்ள நான்கு நட்டுகளைக் கழற்றிய பிறகும் ஷாஃப்ட் பெரும்பாலும் அசையாது. அடித்து இழுக்கும் புல்லர் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் பழைய மெக்கானிக்குகளின் வழி ஒன்று உண்டு. டிரம்மைத் தலைகீழாகத் திருப்பி சக்கர நட்டு ஏறும் ஸ்டட்டில் மாட்டி, நட்டுகளை நான்கைந்து சுற்று மட்டும் ஏற்றிவிட்டு, டிரம்மை இரண்டு கையாலும் பிடித்து வெளிப்பக்கமாகச் சட்டென்று இழுக்க வேண்டும். அந்த இடைவெளியில் டிரம் ஓடி வந்து நட்டில் மோதும்போது பேரிங் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். வந்தபின் ஷாஃப்டை நேராகத் தாங்கி உருவுங்கள். பாரம் முழுவதையும் சீல் மீது தொங்கவிட்டால், அது நல்ல சீலாக இருந்தாலும் கிழியும்.

சில மாடல்களில் பிரேக் தகடும் ஷாஃப்டோடு சேர்ந்தே வரும். அவற்றில் பிரேக் பைப்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும், பின்னர் பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றவும் (ஏர் எடுக்கவும்) வேண்டும்.

பேரிங்கையும் மாற்ற வேண்டுமா?

இவ்வளவு தூரம் கழற்றிய பின், பழைய வண்டியில் மாற்றிவிடுங்கள் என்றே சொல்வேன். அதை ஏற்றி இறக்க ஹைட்ராலிக் பிரஸ் உள்ள லேத் பட்டறைக்குப் போக வேண்டும். பேரிங்கை ஷாஃப்டில் பிடித்து நிற்பது காலர் எனப்படும் இரும்பு வளையம். அதைக் கிரைண்டரால் பாதி அறுத்து, உளியால் ஒரு அடி கொடுத்தால் பிளந்துகொள்ளும். அறுக்கும்போது கிரைண்டர் ஷாஃப்டைத் தொடக் கூடாது. புதிய காலரைத்தான் ஏற்ற வேண்டும். செமி ஃப்ளோட்டிங் ஆக்சிலில் ஷாஃப்டை ஹவுசிங்குக்குள் நிறுத்துவது அந்த ஒரு வளையம்தான். அது நழுவினால் சக்கரம் ஷாஃப்டோடு வெளியே வந்துவிடும். கழற்றிய காலரையே திரும்ப ஏற்றலாம், இறுக்கமாகத்தான் இருக்கிறது என்று சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

லேத் பட்டறையில் நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். பேரிங்கை ஏற்றுமுன் அதன் பின்னால் இருந்து அதைப் பிடிக்க வேண்டிய தகடு ஷாஃப்டில் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதை மறந்து பேரிங்கையும் காலரையும் ஏற்றிவிட்டு, வண்டியருகே வந்தபின், தகடு தரையில் கிடப்பதைப் பார்த்து விழிப்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் ஒருமுறையாவது நடப்பது. எனக்கும் நடந்தது, ஒரு புதுப் பேரிங் வீணாயிற்று.

ஷாஃப்டில் தடம் விழுந்திருந்தால் ஷாஃப்டையே மாற்ற வேண்டுமா?

சீல் ஓடிய இடத்தில் நகத்தால் குறுக்கே வருடுங்கள். நகம் சிக்காவிட்டால், நைஸ் உப்புத்தாளை ஆயிலில் நனைத்து, ஷாஃப்டைச் சுற்றி வட்டமாகத் தேய்த்தால் போதும். நீளவாக்கில் தேய்த்தால் அந்தக் கோடுகளின் வழியாகவே ஆயில் வரும். நகம் சிக்கினால், அந்த அளவுக்கு மெல்லிய எஃகு ஸ்லீவ் கிடைக்கிறதா என்று தேடுங்கள். அதை ஏற்றினால் சீலுக்குப் புதிய தளம் கிடைக்கும். சில ஹவுசிங்குகளில் இடம் இருந்தால், சீலை ஓரிரு மில்லிமீட்டர் முன்பின்னாக உட்கார வைத்து, உதடு பழைய தடத்தில் விழாமல் செய்யலாம். வெல்டிங் வைத்துக் கடைந்து தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாரம் தாங்கும் ஷாஃப்ட் அந்தச் சூட்டில் பலமிழக்கும்.

புதிய சீலை எப்படி அடித்து ஏற்றுவது?

பழைய சீலை நெம்பி எடுக்கும்போது ஹவுசிங்கின் உட்சுவரில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தைத் துணியால் துடைத்து, விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலை நோக்கி, அதாவது உட்பக்கமாக இருக்க வேண்டும். திருப்பிப் போட்ட சீல் முதல் நாளே கசியும். உதட்டில் சிறிது கியர் ஆயிலைத் தடவுங்கள். உலர்ந்த உதடு முதல் சில சுற்றுகளிலேயே கருகிவிடும். வெளிவிட்டத்துக்குச் சற்றே சிறிய பைப்பையோ பழைய பேரிங்கின் வெளி வளையத்தையோ வைத்து, சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்குங்கள். சுத்தியலால் நேரடியாக ஒரு பக்கத்தில் அடித்தால் கோணலாக இறங்கி, அதன் விளிம்பு மடங்கும். ஷாஃப்டை உள்ளே விடும்போது அதன் பற்கள் உதட்டில் உரசாமல் கையால் ஏந்திக்கொள்ள வேண்டும். இந்த ஒரு நிமிடத்தில் அவசரப்பட்டால் முழு வேலையையும் மறுபடி செய்ய நேரிடும்.

ஆயில் பட்ட பிரேக் ஷூவைப் பெட்ரோலில் கழுவி மாட்டலாமா?

கூடாது. லைனிங் ஆயிலை உறிஞ்சிக்கொள்ளும். கழுவினாலும், நெருப்பில் காட்டினாலும் மேற்பரப்பு மட்டும் உலரும். சூடேறியதும் உள்ளே இருப்பது மறுபடி கசியும். இரண்டு பக்க ஷூக்களையும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லாவிட்டால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். டிரம்மைப் பிரேக் கிளீனரால் துடைத்தால் போதும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள், மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள்.

எந்த ஆயில், எவ்வளவு ஊற்றுவது?

வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் தரத்தைப் பாருங்கள். இவ்வகை ஆக்சில்களுக்குப் பொதுவாக ஜிஎல்-5 தரத்தில் இபி 90 அல்லது 85டபிள்யூ-140 கேட்கப்படும். வண்டி சமதளத்தில் நிற்கும்போது, ஊற்றும் துளையின் கீழ் விளிம்பில் ஆயில் வந்து நிற்பதே சரியான மட்டம். சாய்வான தெருவில் நிறுத்தியோ, ஒரு பக்கம் ஜாக்கியில் இருக்கும்போதோ ஊற்றினால் அளவு மிகுந்து, புதிய சீலும் கசியும்.

மறு பக்கச் சீலையும் இப்போதே மாற்ற வேண்டுமா?

ஷூவை மாற்ற அந்தப் பக்க டிரம்மையும் கழற்றத்தான் போகிறீர்கள். அங்கே ஈரமில்லாமல், பேரிங்கில் ஆட்டமில்லாமல் இருந்தால் விட்டுவிடுங்கள்.

வேலை முடிந்தபின் எதைச் சோதிக்க வேண்டும்?

ஷூவை அட்ஜஸ்ட் செய்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பார்த்து, காலியான தெருவில் மெதுவாக நான்கைந்து முறை பிரேக் போட்டுப் பாருங்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டியபின் இரண்டு டிரம்களுக்கும் அருகே கையை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தகித்தால் ஷூ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் வீல் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள். முதல் வாரம் வண்டி நிற்கும் இடத்தில், சக்கரத்தின் உட்பக்கத்துக்கு நேர் கீழே ஒரு அட்டையைப் போட்டு வையுங்கள். காலையில் அதில் ஒரு சொட்டு இருந்தாலும் உடனே வாருங்கள்.

வடித்த பழைய ஆயிலை என்ன செய்வது?

2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய ஆயில் அபாயகரக் கழிவு. அதை மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய ஆயிலைச் சேகரித்து அனுமதி பெற்ற மறுசுழற்சியாளர்களுக்கு அனுப்பும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். மழைநீர் வடிகாலில் ஊற்றினால் அது கூவத்துக்கோ பக்கிங்ஹாம் கால்வாய்க்கோதான் போய்ச் சேரும். துடைத்த துணிகளையும் அதே கேனுக்குப் பக்கத்தில் ஒரு பையில் கட்டி வைத்துச் சேர்த்துக் கொடுங்கள்.